செய்யாத சில்லை ஓட்டிப் பார்க்கலாமா?

ஆரணிப் பட்டுச் சேலை ஒன்றின் முந்தானையில் அழகான மயில் ஒன்று தோகை விரித்து நிற்கிறது. அந்த மயில் முதன்முதலில் எங்கே பிறந்தது தெரியுமா? தறியில் அல்ல, கட்டம் போட்ட காகிதத்தில்!

அந்தக் காகிதத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு கட்டவரிசையும் ஒரு பாவு நூலைக் குறிக்கும். இடமிருந்து வலமாக ஓடும் ஒவ்வொரு வரிசையும் நாடா ஒருமுறை ஓடி இழுத்துச் செல்லும் ஊடை நூலைக் குறிக்கும். வண்ணம் தீட்டிய கட்டம் என்றால், அந்த இடத்தில் பாவு நூல் மேலே எழும்ப வேண்டும். இதைப் பார்த்துத்தான் அட்டைகளில் துளை போடுவார்கள். துளையிட்ட அட்டைகள் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொன்றாகத் திரும்பும். எந்த நூல் எழும்ப வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதைத் துளைகள் சொல்லும். இந்த முறையை 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கினார். பின்னாளில் கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ், தமது கணக்கிடும் எந்திரத்துக்கும் இதே துளை அட்டைகளைத்தான் பயன்படுத்தத் திட்டமிட்டார்.

மயிலின் கழுத்து கோணலாகிவிட்டது என்று காகிதத்திலேயே தெரிந்துவிட்டால், ரப்பரை எடுத்து அழித்துவிடலாம். தறியில் ஏறிய பிறகு தெரிந்தால்? பட்டும் சரிகையும் நெசவாளியின் பல நாள் உழைப்பும் வீண். ஆகவே, ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே, அது எப்படி நடந்துகொள்ளும் என்று மலிவான வேறொன்றில் நடத்திப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். இதைத்தான் விஞ்ஞானிகள் சிமுலேஷன் என்கிறார்கள். நாம் 'பாவனை இயக்கம்' என்று சொல்வோம்.

கணிப்பொறிச் சில்லுகளைத் தயாரிப்பதிலும் இதே கதைதான். சில்லு ஒன்றைத் தொழிற்சாலையில் வார்த்தெடுக்கப் பல மாதங்களும் பெரும்பணமும் ஆகும். வார்த்த பிறகு அதில் ஒரு கம்பியைக்கூட இடம் மாற்ற முடியாது. எனவே, இன்னும் பிறக்காத சில்லைக் கணிப்பொறிக்குள்ளேயே பாவனையாக ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்படி அதிகமாகச் சோதிக்கப்படும் உறுப்புகளில் ஒன்று, நினைவகக் கட்டுப்படுத்தி. அது என்ன செய்கிறது, அதைக் காகிதத்திலேயே நாம் ஓட்டிப் பார்க்க முடியுமா என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கசியும் தொட்டிகள்

கணிப்பொறியின் நினைவகம் கோடிக்கணக்கான மிகச்சிறிய மின்தேக்கிகளால் ஆனது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு மின்தேக்கி, அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். இவ்வளவுதான் ஒரு பிட்டைச் சேமிக்கும் அறை. இந்த எளிய அமைப்பை 1966-இல் சிந்தித்து, 1968-இல் காப்புரிமை பெற்றவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு. 1970-இல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த '1103' என்ற சில்லில் 1024 பிட்டுகள் இருந்தன. இன்றைய ஒரு சில்லில் பல நூறு கோடி பிட்டுகள் இருக்கின்றன.

இந்த மின்தேக்கி எவ்வளவு சிறியது? அதன் மின்தேக்குத் திறன் 20 ஃபெம்டோ ஃபாரடு என்றும், மின்னழுத்தம் 1 வோல்ட் என்றும் வைத்துக்கொள்வோம். மின்னூட்டம் = மின்தேக்குத் திறன் × மின்னழுத்தம் என்பது நீங்கள் படித்த சூத்திரம். அதை எலக்ட்ரான் ஒன்றின் மின்னூட்டத்தால் வகுத்தால் சுமார் 1,25,000 எலக்ட்ரான்கள் என்று விடை வரும். அவ்வளவே! 'ஒன்று' என்ற செய்தியைத் தாங்கி நிற்பவை இந்த ஒன்றேகால் லட்சம் எலக்ட்ரான்கள்தாம்.

ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர் போல, இந்த எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மின்தேக்கியையும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை படித்து, திரும்ப நிரப்பியாக வேண்டும். இதற்காக 64 மில்லி வினாடிக்குள் 8192 புதுப்பிப்புக் கட்டளைகள் தரப்படுகின்றன. அதாவது, 7.8 மைக்ரோ வினாடிக்கு ஒரு கட்டளை. 4 ஜிகாபிட் கொள்ளளவுள்ள டி.டி.ஆர்.3 வகைச் சில்லில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 260 நானோ வினாடி பிடிக்கிறது. அந்த நேரத்தில் சில்லு வேறு வேலை எதையும் செய்யாது. நூற்றில் மூன்று பங்குக்கு மேலான நேரம் ஓட்டைக் குடத்தை நிரப்புவதிலேயே போய்விடுகிறது!

சில்லுக்குள் ஒரு பதிவறை

தாலுகா அலுவலகத்தின் பழைய பதிவறையை நினைத்துப் பாருங்கள். அலமாரிகளில் கட்டுக்கட்டாகக் காகிதங்கள். ஒருவர் வந்து, "5-ஆம் கட்டில் 40-ஆம் பக்கம் வேண்டும்" என்று கேட்கிறார். பதிவறைக் குமாஸ்தா என்ன செய்வார்? 5-ஆம் கட்டை இறக்கி, மேஜைமேல் வைத்து, கயிற்றைப் பிரிப்பார். பிறகு 40-ஆம் பக்கத்தைத் தேடி எடுத்துத் தருவார். அடுத்தவர் 9-ஆம் கட்டைக் கேட்டால், முதலில் 5-ஆம் கட்டை மறுபடி கட்டி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் 9-ஆம் கட்டை இறக்க முடியும். ஏனென்றால் மேஜை ஒரு கட்டுக்குத்தான் இடம் கொடுக்கும்.

நினைவகமும் இப்படித்தான் இயங்குகிறது. மின்தேக்கிகள் கட்டம் போட்ட தாள்போலக் கிடைவரிசைகளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு கிடைவரிசைதான் நம் கட்டு. அதிலுள்ள ஒரு பிட்டு வேண்டுமென்றாலும், வரிசை முழுவதையும் திறந்து 'வரிசைத் தாங்கி' என்ற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவே மேஜை. வழக்கமான ஒரு டி.டி.ஆர்.3 நினைவகப் பலகையில் ஒரு கட்டில் 8192 பைட்டுகள் இருக்கும். ஒரு முறை கேட்டால் 64 பைட்டுகள் வரும். எனவே ஒரு கட்டில் 128 'பக்கங்கள்' என்று கொள்ளலாம்.

இப்படி அலமாரியும் மேஜையும் சேர்ந்த ஓர் அறைக்கு 'பாங்க்' என்று பெயர். பணம் போடும் பாங்க் அல்ல! டி.டி.ஆர்.3 சில்லு ஒவ்வொன்றிலும் இத்தகைய 8 பாங்குகள் உண்டு. எட்டு அறைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கலாம். ஆனால், எடுத்த பக்கங்களை வெளியே கொண்டுவர எல்லா அறைகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு நடைபாதைதான் இருக்கிறது.

எந்தக் கட்டை எப்போது பிரிப்பது, எப்போது கட்டிவைப்பது, வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு முதலில் தருவது, இடையில் புதுப்பிப்பு வேலையை எப்போது செய்வது என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுக்கும் தலைமைக் குமாஸ்தாதான் நினைவகக் கட்டுப்படுத்தி.

குமாஸ்தாவின் கடிகாரம்

இனி நேரக் கணக்குக்கு வருவோம். 2007-இல் சந்தைக்கு வந்தது டி.டி.ஆர்.3 நினைவகம். பிறகு டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 எனப் புதிய தலைமுறைகள் வந்துவிட்டன. ஆனாலும் கணக்குப் போடப் பழையது எளிது, அதையே எடுத்துக்கொள்வோம். டி.டி.ஆர்.3-1600 என்ற வகையின் கடிகாரம் வினாடிக்கு 80 கோடி முறை துடிக்கும். ஒரு துடிப்பு 1.25 நானோ வினாடி. அந்த நேரத்தில் ஒளிகூட 37.5 சென்டிமீட்டர் தூரம்தான் போகும்!

இதில் வழக்கமாகக் காணப்படும் ஒரு சில்லின் கணக்கு இது:

கட்டைப் பிரிக்க 11 துடிப்பு.
பக்கத்தைத் தேட 11 துடிப்பு.
பக்கத்தை வெளியே அனுப்ப 4 துடிப்பு.
கட்டை மறுபடி கட்டிவைக்க 11 துடிப்பு.

இதிலிருந்து மூன்று நிலைகள் பிறக்கின்றன. நமக்கு வேண்டிய கட்டு ஏற்கெனவே மேஜைமேல் பிரிந்து கிடந்தால், தேடவும் அனுப்பவும் 15 துடிப்பு போதும். மேஜை காலியாக இருந்தால் 26 துடிப்பு. வேறொரு கட்டு மேஜையில் கிடந்தால், அதைக் கட்டிவைக்கும் நேரமும் சேர்ந்து 37 துடிப்பு. 37 துடிப்பு என்பது 46.25 நானோ வினாடி. கண் இமைப்பதற்குள் இது பல லட்சம் முறை நடந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலிக்கு அது ஏறக்குறைய 139 துடிப்புகள் வரையிலான காத்திருப்பு! தறி தயாராக இருந்தும் தார் சுற்றி வராததால் கைகட்டி நிற்கும் நெசவாளியின் நிலைதான் செயலிக்கும்.

காகிதத்தில் ஒரு பாவனை

இப்போது நாமே ஒரு பாவனை இயக்கம் நடத்துவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பாங்க். மேஜை காலி. கணிப்பொறியில் இரண்டு நிரல்கள் ஓடுகின்றன. பாட்டுப் பாடும் நிரல் 5-ஆம் கட்டிலுள்ள பக்கங்களையே கேட்கிறது. கடிதம் அடிக்கும் நிரல் 9-ஆம் கட்டிலுள்ள பக்கங்களைக் கேட்கிறது. வரிசையில் காத்திருக்கும் ஆறு கோரிக்கைகள்: 5, 9, 5, 9, 5, 9.

முதல் முறை: வந்த வரிசைப்படியே கொடுப்பது. முதல் கோரிக்கைக்கு மேஜை காலி, 26 துடிப்பு. அடுத்து வரும் ஐந்துக்கும் கட்டை மாற்ற வேண்டும்; 5 × 37 = 185. மொத்தம் 211 துடிப்பு.

இரண்டாவது முறை: மேஜையில் பிரிந்து கிடக்கும் கட்டைக் கேட்பவருக்கு முதலிடம், அப்படி யாரும் இல்லையென்றால் வந்த வரிசை. இப்போது 5, 5, 5, 9, 9, 9 என்று வேலை நடக்கும். முதலில் 26 + 15 + 15 = 56. பிறகு கட்டை மாற்றி 37 + 15 + 15 = 67. மொத்தம் 123 துடிப்பு.

பார்த்தீர்களா! அதே ஆறு கோரிக்கைகள், அதே சில்லு. குமாஸ்தா சற்று யோசித்து நடந்துகொண்டதால் 88 துடிப்புகள் மிச்சம். இந்த இரண்டாவது முறையை ஸ்காட் ரிக்ஸ்னரும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். புதிய முறைகளைக் கண்டுபிடிப்பவர்கள் இன்றும் தங்கள் முறையை இதனோடு ஒப்பிட்டுத்தான் காட்டுகிறார்கள்.

ஒரு விதியை விட்டுவிட்டால்?

இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். நமது பாவனை உண்மையான சில்லைப் போலவே நடந்துகொண்டதா?

இல்லை. உண்மையான சில்லில் இன்னும் சில விதிகள் உண்டு. ஒரு கட்டைப் பிரித்த பிறகு, குறைந்தது 28 துடிப்பு கடக்காமல் அதை மூடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஏன் தெரியுமா? மின்தேக்கியைப் படிக்கும்போது அதிலுள்ள மின்னூட்டம் நீண்ட கம்பியில் பரவிவிடுகிறது. படிப்பதே அழிப்பதாகிவிடுகிறது! உணர் பெருக்கி என்ற சுற்று அதை உணர்ந்து, மின்தேக்கியை மறுபடி நிரப்ப வேண்டும். அதற்கு அவகாசம் தராமல் மூடினால் செய்தி பாழாகிவிடும்.

முதல் முறையை மறுபடி கணக்கிடுவோம். ஒவ்வொரு கட்டிலும் ஒரு பக்கம் எடுக்க 26 துடிப்புதான் ஆகிறது. ஆனால் 28 வரை பொறுத்திருந்து, பிறகு 11 துடிப்பில் மூட வேண்டும். ஆக, ஒரு கட்டைப் பிரித்ததிலிருந்து அடுத்த கட்டைப் பிரிக்கும்வரை 39 துடிப்பு. ஐந்து முறை 39, கடைசியில் 26. மொத்தம் 221. இரண்டாவது முறையில் ஒவ்வொரு கட்டும் 28 துடிப்புக்கு மேல் திறந்தே இருப்பதால் மாற்றமில்லை, அதே 123. வித்தியாசம் 88-லிருந்து 98 ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. நாம் ஒரு பக்கம் வெளியே போன பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தேட ஆரம்பித்தோம். உண்மையான சில்லில், பிரிந்த கட்டிலிருந்து 4 துடிப்புக்கு ஒரு பக்கம் வீதம் அடுத்தடுத்துக் கேட்கலாம். முதல் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தேடும் வேலை தொடங்கிவிடும். அப்படியானால் 5-ஆம் கட்டின் மூன்று பக்கங்களும் 26, 30, 34-ஆம் துடிப்புகளில் வந்து முடியும். 28-ஆம் துடிப்பில் அதை மூடத் தொடங்கலாம். 39-இல் 9-ஆம் கட்டைப் பிரித்தால், அதன் கடைசிப் பக்கம் 73-ஆம் துடிப்பில் வந்து சேரும். முதல் முறைக்கு இந்த வசதியால் பயனில்லை. அது 221-லேயே நிற்கும்.

ஆக, நமது முதல் பாவனை "புதிய முறை 1.7 மடங்கு வேகமானது" என்றது. விதிகளைச் சரியாகச் சேர்த்த பிறகு "3 மடங்கு" என்கிறது. இரண்டுமே கூட்டல் பிழையில்லாத கணக்குகள்தாம்! பாவனை இயக்கத்தின் பெரிய ஆபத்து இதுவே. அது தவறாகச் சொல்லும்போதும் தயங்காமல் சொல்லும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பாவனை நிரலை, சில்லுத் தயாரிப்பாளர் வெளியிடும் துல்லியமான மாதிரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். பாவனை நிரல் பிறப்பிக்கும் கட்டளைகளை அந்த மாதிரிக்குக் கொடுத்து, எந்த விதியாவது மீறப்படுகிறதா என்று பார்ப்பார்கள்.

வேகம் மட்டும் போதுமா?

இரண்டாவது முறையில் ஒரு குறையும் இருக்கிறது. பாட்டு நிரல் 5-ஆம் கட்டின் பக்கங்களை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதன் கட்டுத்தான் மேஜையில் பிரிந்து கிடக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதற்கே முதலிடம். 9-ஆம் கட்டைக் கேட்ட பாவப்பட்ட கடித நிரல் வாசலில் நின்றுகொண்டே இருக்கும்!

இது வெறும் கற்பனை அல்ல. 2007-இல் தாமஸ் மாஸ்கிப்ரோடா, ஓனூர் முட்லு என்ற இருவர், இரண்டு செயலிக்கருக்கள் கொண்ட உண்மையான கணிப்பொறியிலேயே இதைக் காட்டினார்கள். நினைவகத்தைத் தொடர்ச்சியாகக் கேட்கும் ஒரு நிரல், தனக்கு அதிக நட்டமில்லாமல், பக்கத்தில் ஓடும் நிரலைப் பெரிதும் மந்தமாக்கிவிட முடியும். ஒருவன் வேண்டுமென்றே அப்படிப்பட்ட நிரலை எழுதி, பலரும் பகிர்ந்துகொள்ளும் கணிப்பொறியில் ஓட்டினால், மற்றவர்களின் வேலை முடங்கும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

இதற்கு ஒரு மருந்தை 2008-இல் அவர்களே கூறினார்கள். காத்திருக்கும் கோரிக்கைகளை ஒரு தொகுதியாகப் பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுதி முழுவதும் முடியும்வரை, புதிதாக வந்த எவரும் முந்த முடியாது. தொகுதிக்குள் மட்டும் வேகமான வரிசையைப் பின்பற்றலாம். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போன்ற ஏற்பாடுதான் இது. இவ்வளவு எளிய யோசனைக்குக்கூடப் பல்லாயிரம் சூழ்நிலைகளில் என்ன விளைவு என்று தெரியவேண்டுமே! அதற்குத்தான் பாவனை இயக்கம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நடப்பது என்ன?

நாம் ஆறு கோரிக்கைகளை வைத்துக்கொண்டோம். ஆராய்ச்சியாளர்கள் கோடிக்கணக்கானவற்றை வைத்துக்கொள்கிறார்கள். உண்மையான நிரல் ஒன்று ஓடும்போது, அது நினைவகத்தில் எந்தெந்த முகவரியை, எந்த வரிசையில், எத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை கேட்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொள்வார்கள். இதற்குத் 'தடம்' என்று பெயர். மணலில் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்து, போனவர் எப்படி நடந்தார் என்று சொல்வதைப் போன்றது இது. அந்தத் தடத்தைப் பாவனை நிரலுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் ஒவ்வொரு பாங்கும் என்ன நிலையில் இருக்கும் என்று அது கணக்கிட்டுக்கொண்டே போகும்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2005-இல் உருவான 'டிராம்சிம்', 2015-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 'ராமுலேட்டர்' ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. யூட்டா பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளியிடப்பட்ட 'யூசிம்' என்ற நிரலைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, யூட்டாவில் பேராசிரியராக இருக்கும் ராஜீவ் பாலசுப்ரமணியனின் குழு அதை உருவாக்கியது. அதே ஆண்டு ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், இந்த நிரலை வைத்து ஒரு போட்டியே நடந்தது! எல்லோருக்கும் ஒரே பாவனை நிரல், ஒரே தடங்கள். போட்டியாளர் எழுத வேண்டியது குமாஸ்தாவின் மூளையை மட்டுமே. வேகம், மின்சக்திச் சிக்கனம், நியாயம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு தனித்தனிப் பிரிவுகளில் வெற்றி தீர்மானிக்கப்பட்டது.

பாவனைக்கு ஒரு விலையும் உண்டு, அது நேரம். நமது நினைவகம் ஒரு வினாடியில் 80 கோடி முறை துடிக்கும் என்று பார்த்தோம். பாவனை நிரலால் வினாடிக்கு 1 லட்சம் துடிப்புகளைத்தான் கணக்கிட முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரே ஒரு வினாடி நேர இயக்கத்தைப் பார்க்க 8000 வினாடி, அதாவது 2 மணி 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். விதிகளைக் கூட்டக் கூட்ட உண்மை நெருங்கி வரும், நேரமும் கூடும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிந்திருப்பதே இத்துறையில் அனுபவம்.

சென்னையில் பிறந்த செயலி

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014 முதல் 'சக்தி' என்ற செயலிக் குடும்பத்தை உருவாக்கி வருகிறது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது இது. 2018-இல் இதன் ஒரு சில்லு அமெரிக்காவில் இன்டெல் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது; இன்னொன்று சண்டிகர் அருகே மொகாலியிலுள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வுக்கூடத்தில் வார்க்கப்பட்டது. 2020-இல் 'மௌஷிக்' என்ற சில்லு வந்தது. 2025-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' என்ற சில்லு அறிவிக்கப்பட்டது.

இத்தகைய செயலி ஒவ்வொன்றும் சில்லாக மாறுவதற்கு முன் பாவனையில் பிறக்கிறது. முதலில் செயலியின் அமைப்பு முழுவதும் ஒரு கணிப்பொறி மொழியில் எழுதப்படுகிறது. தற்செயலாக உருவாக்கிய ஏராளமான சோதனை நிரல்களை அதில் பாவனையாக ஓட்டுகிறார்கள். அதே நிரல்களைச் சரியென்று அறியப்பட்ட வேறொரு மாதிரியிலும் ஓட்டி, இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். அடுத்து, எஃப்.பி.ஜி.ஏ. என்ற, விரும்பியபடி மாற்றி அமைக்கத்தக்க சுற்றுப் பலகையில் ஏற்றி, உண்மையான மின்சாரத்தோடு ஓட்டிப் பார்க்கிறார்கள். இவற்றிலெல்லாம் தேறிய பிறகுதான் தொழிற்சாலைக்கு அனுப்பப்படுகிறது.

செயலி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், வெளியிலுள்ள நினைவகத்தோடு பேச ஒரு கட்டுப்படுத்தி வேண்டும். சொந்தச் செயலி செய்ய விரும்பும் நாட்டுக்குச் சொந்தக் குமாஸ்தாவும் வேண்டும். அந்தக் குமாஸ்தாவுக்குப் பயிற்சி தரும் இடம் பாவனை நிரல். ராமுலேட்டர், யூசிம் போன்றவற்றின் மூல நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆரணியிலோ வந்தவாசியிலோ உள்ள ஒரு கல்லூரி மாணவர் சாதாரணக் கணிப்பொறியை வைத்துக்கொண்டே இந்த ஆராய்ச்சியில் இறங்க முடியும். சில்லு வார்க்கும் தொழிற்சாலை நம் ஊரில் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

பாவனைக்கு எட்டாதது

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினரும் இன்டெல் ஆய்வுக்கூடத்தினரும் சேர்ந்து, கடையில் கிடைக்கும் 129 நினைவகப் பலகைகளை வாங்கிச் சோதித்தார்கள். ஒரே கிடைவரிசையை மீண்டும் மீண்டும், மிக வேகமாகத் திறந்து மூடினார்கள். என்ன ஆயிற்று? தொடப்படாத பக்கத்து வரிசையில் சில பிட்டுகள் தாமாகவே மாறிவிட்டன! 0 என்பது 1 ஆகியது. 1 என்பது 0 ஆகியது. 129 பலகைகளில் 110-இல் இந்தக் கோளாறு இருந்தது. சுவரின் ஒரு பக்கம் ஓயாமல் ஆணி அடித்தால் மறுபக்கம் காரை உதிர்வது போலத்தான். இதற்கு 'ரோஹாமர்' என்று பெயர்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. மின்தேக்கிகளை நெருக்கி நெருக்கி வைத்ததால், ஒரு வரிசையின் மின்துடிப்பு அடுத்த வரிசையின் கசிவை அதிகப்படுத்துகிறது. மேலே சொன்ன ஒன்றேகால் லட்சம் எலக்ட்ரான்களில் பாதிக்கு மேல் போய்விட்டால் செய்தி போய்விட்டதென்று பொருள். நேரக் கணக்கை மட்டும் தெரிந்த பாவனை நிரல் இதை ஒருநாளும் காட்டியிருக்காது. துடிப்புகளை எண்ண நாம் அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். எலக்ட்ரான்களை எண்ணச் சொல்லிக்கொடுக்கவில்லை. உண்மையான சில்லை மேஜைமேல் வைத்துச் சோதித்தவர்கள்தாம் இதைக் கண்டார்கள். அதன் பிறகு, ரோஹாமரைத் தடுக்கும் முறைகளும் பாவனை நிரல்களிலேயே ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. சோதனை புதிய விதியைத் தருகிறது; பாவனை அந்த விதியின் விளைவுகளைக் கணக்கிட்டுச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நடப்பதுதான் விஞ்ஞானம்.

நீங்களும் செய்து பாருங்கள்

மேஜை காலி. நான்கு கோரிக்கைகள்: 5, 5, 9, 5. முதலில் சொன்ன எளிய கணக்கை (15, 26, 37 துடிப்பு) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. வந்த வரிசைப்படி கொடுத்தால் மொத்தம் எத்தனை துடிப்பு?
2. பிரிந்து கிடக்கும் கட்டுக்கு முதலிடம் தந்தால் எத்தனை?
3. இரண்டு முறைகளிலும் 9-ஆம் கட்டைக் கேட்டவருக்கு எத்தனையாவது துடிப்பில் பக்கம் கிடைக்கும்?

விடைகளைப் பார்க்கும் முன் நீங்களே கணக்கிடுங்கள். பிறகு நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, தாயக்கட்டையை உருட்டி, விழும் எண்ணையே கட்டு எண்ணாகக் கொண்டு இருபது கோரிக்கைகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு முறையிலும், மற்றவர் இன்னொரு முறையிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டையும்விட நல்ல மூன்றாவது முறை ஒன்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் அதே இருபது கோரிக்கைகளில் ஓட்டிப் பார்க்க மறவாதீர்கள். புதிய யோசனைக்கும் பழைய யோசனைக்கும் ஒரே தேர்வுத்தாள் கொடுப்பதுதான் நேர்மை.

விடைகள்: (1) 26 + 15 + 37 + 37 = 115. (2) 26 + 15 + 15 + 37 = 93. (3) முதல் முறையில் 78; இரண்டாவது முறையில் 93. மொத்த நேரம் குறைந்தது. ஆனால் 9-ஆம் கட்டைக் கேட்டவர் மட்டும் 15 துடிப்பு கூடுதலாகக் காத்திருந்தார். எது நல்ல முறை என்று முடிவு செய்வது இனி உங்கள் பொறுப்பு!